இலக்கணப் பாம்பு

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. பல்லடத்தில் எங்கள் பெரியம்மா வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர்களில் பாதிப் பேர் பக்கத்துத் தறிக்குடோனில் தார் சுற்றுகிறவர்கள். பெரியம்மாவும் அங்கேதான் வேலை பார்த்தார். அன்று ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மருத்துவர் என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்டதும், கழுத்தில் துண்டைக் குழாய் போலத் தொங்கவிட்டுக்கொண்டு திண்ணையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க, உக்காருங்க. உங்களுக்கு எண்டோமெண்டோ தடிச்சுப் போச்சுங்க. பல்பு பெருசாயிருச்சுங்க. பீஸ் போறதுக்குள்ள கழட்டிப் போட்டறலாமுங்க. பயப்படாதீங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

எண்டோமெட்ரியம் தடித்திருக்கிறது, யூட்ரஸ் பல்க்கியாக இருக்கிறது என்பதுதான் மருத்துவர் சொன்னது. கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்திருக்கிறது, கர்ப்பப்பை வழக்கமான அளவைவிடப் பெருத்திருக்கிறது, அவ்வளவே. அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும் அதில் பாதி புரிந்திருக்கும். நான் அப்போது தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஆனால் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். பெரியம்மா நன்றாக நடித்தார்.

மூன்று மாதம் கழித்து அறுவை சிகிச்சை நடந்தது. படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான் பெரியம்மா அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கண்ணு, நீ பெரிய படிப்புப் படிக்கறயல்ல. இதுல என்ன எழுதீருக்குதுன்னு பாரு. உடம்பு பூராம் அனலாட்ட எரியுது. ராத்திரில தூக்கமே இல்ல. பைய எடுத்தா இப்பிடி ஆகுமா?"

அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். ஹிஸ்டரெக்டமி என்றால் கர்ப்பப்பையை எடுப்பது. அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று சொற்கள் இருந்தன: பைலேட்டரல் சால்பிங்கோ ஊஃபரெக்டமி. இரண்டு பக்கத்துக் கருக்குழாய்களையும் சினைப்பைகளையும் எடுத்தாயிற்று என்று பொருள். 46 வயதில், மாதவிலக்கு நிற்கும் முன்பே சினைப்பைகளை எடுத்தால் ஒரே நாளில் உடம்பு மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும். அந்த அனலுக்கும் தூக்கமின்மைக்கும் அதுதான் காரணம். நான் சொல்லி முடித்ததும் பெரியம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "ரெண்டையுமா?"

எடுத்தது மருத்துவ ரீதியில் தவறா சரியா என்று எனக்குத் தெரியாது. தேவையாகக்கூட இருந்திருக்கலாம். என்னை உறுத்தியது வேறு. "கழட்டிப் போட்டறலாமுங்க" என்று அவர் நடித்துக் காட்டியதைத்தான் பிறகு அவருக்குச் செய்தார்கள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு அவருக்கு எந்தக் காவலையும் தரவில்லை. அப்படியானால் அந்தச் சிரிப்புக்கு என்ன மதிப்பு? அறிவாளிகளின் மொழியைக் கேலி செய்வது நியாயமான காரியமா, அல்லது தோற்றவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதலா?

பெரியம்மா போட்ட நாடகம் மிகப் பழைய நாடகம். இத்தாலியின் பழைய முகமூடி நாடகங்களில் 'டாக்டர்' என்றே ஒரு பாத்திரம் உண்டு. பழம்பெரும் பல்கலைக்கழகம் இருக்கும் பொலோனியா நகரத்துக்காரர். அந்த ஊர் வட்டார வழக்கில் அரைகுறை லத்தீனைக் கலந்து நிறுத்தாமல் பேசுவார். பேச்சு நீள நீள அதில் ஒன்றுமில்லை என்பது கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். அந்த மரபில் நிறையக் கற்றுக்கொண்டவர் பிரான்சின் மோலியேர். 1673இல் அவர் எழுதிய கடைசி நாடகத்தில், நோய் இல்லாமலே நோயாளியாக வாழும் ஒரு பணக்காரரை மருத்துவர்கள் சுரண்டுகிறார்கள். போலி லத்தீனில் நடக்கும் ஒரு மருத்துவப் பட்டமளிப்பு விழாவோடு நாடகம் முடியும்.

ஆனால் இதற்காக நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. அவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே நம் காஞ்சிபுரத்துப் பக்கம் இந்தச் சிரிப்பு கேட்டிருக்கிறது. பகவதஜ்ஜுகம் என்ற வடமொழி அங்கத நாடகத்தைப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் எழுதியதாகச் சொல்பவர்கள் உண்டு, போதாயனர் எழுதியதாகச் சொல்பவர்களும் உண்டு. காஞ்சிக்கு அருகில் மாமண்டூர்க் குடைவரையில் சிதைந்த நிலையில் இருக்கும் கல்வெட்டில் இந்த நாடகத்தின் பெயரும் மகேந்திரவர்மனின் மத்தவிலாசத்தின் பெயரும் வருகின்றன. எப்படியும் 7ஆம் நூற்றாண்டில் பல்லவ நாட்டில் அறியப்பட்டிருந்த நாடகம் அது. பகவன் என்றால் துறவி, அஜ்ஜுகா என்பது கணிகையை அழைக்கும் சொல்.

கதை இதுதான். தோட்டத்தில் காதலனுக்காகக் காத்திருக்கும் வசந்தசேனை என்ற கணிகையின் உயிரை எமதூதன் பறித்துப்போகிறான். பார்ப்பவர்களுக்கு அது பாம்புக் கடி. அங்கே தன் சீடனுக்கு யோகத்தின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்த துறவி, செய்து காட்டுகிறேன் பார் என்று தன் உயிரை அவள் உடம்பில் செலுத்துகிறார். கணிகை எழுந்து உட்கார்ந்து துறவியைப் போலப் பேசத் தொடங்குகிறாள். தாய் திகைக்கிறாள், காதலன் திகைக்கிறான். விஷம் தலைக்கேறிவிட்டது என்று வைத்தியரை அழைத்து வருகிறார்கள்.

வைத்தியர் மந்திரம் சொல்கிறார், நரம்பைக் கீறக் கருவி கேட்கிறார், வாதம் பித்தம் கபம் மூன்றையும் ஒழித்துவிடுவேன் என்கிறார். பிறகு விஷப் பாம்புகள் மூன்று வகை என்று சாஸ்திரம் சொல்ல ஆரம்பிக்கும்போது, வடமொழியில் 'மூன்று' என்ற சொல்லின் பாலைத் தவறாகச் சொல்லிவிடுகிறார். படுத்துக் கிடக்க வேண்டிய நோயாளி பிழையைத் திருத்துகிறாள். வைத்தியர் மிரண்டுபோய், இவளைக் கடித்தது இலக்கணப் பாம்பு போலிருக்கிறது என்கிறார். விஷத்தின் வேகம் எத்தனை என்று அவள் கேட்கிறாள். நூறு என்கிறார் அவர். இல்லை, ஏழு என்று சொல்லி அவளே விளக்குகிறாள். வைத்தியர் தோற்றுப்போகிறார்.

மாணவிகளுக்கு இந்தக் காட்சியை நடத்தும்போதெல்லாம் வகுப்பு அதிரும். நோயாளிப் பெண் வைத்தியரைக் கேள்வி கேட்டு மடக்குவதில் எங்களுக்கெல்லாம் ஒரு பழிதீர்த்த நிறைவு. சில வருடங்கள் நடத்திய பிறகுதான் அந்தச் சிரிப்பு என் தொண்டையில் நின்றது. சாஸ்திரம் பேசியது வசந்தசேனையா? இல்லை. அவள் உடம்புக்குள் இருந்த ஆண் துறவி. வடமொழி நாடகங்களில் பெண்கள் பெரும்பாலும் பிராகிருதம் பேசுவார்கள். அரசனும் அந்தணனும் சமஸ்கிருதம் பேசுவார்கள். ஒரு கணிகையின் வாயிலிருந்து இலக்கண சுத்தமான சமஸ்கிருதமும் மருத்துவ சாஸ்திரமும் வருவதுதான் அங்கே வேடிக்கை. அதாவது ஒரே காட்சியில் இரண்டு பேரைப் பார்த்துச் சிரிக்கிறோம்: சாஸ்திரம் தெரியாமலே சாஸ்திரம் பேசும் வைத்தியரைப் பார்த்து, சாஸ்திரம் தெரிந்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து. இந்த நேரத்தில் உண்மையான வசந்தசேனை எங்கே? அவள் உயிர் அவள் உடம்பில் இல்லை. வைத்தியம் பார்க்கப்படும் அந்த உடம்புக்குள் அவள் மட்டும் இல்லை.

மோலியேரிடமும் இந்த இரட்டைச் சிரிப்பு உண்டு. மருத்துவர்களைக் கேலி செய்த அந்தக் கடைசி நாடகத்தில் துவானெத் என்ற வேலைக்காரி ஆண் மருத்துவர் வேடமிட்டு வருவாள். நோயாளி எந்த உபாதையைச் சொன்னாலும் "நுரையீரல்" என்றே காரணம் சொல்வாள். பெண் மருத்துவம் பேச அங்கே ஆண் உடை தேவைப்படுகிறது, நம் நாடகத்தில் ஆண் உயிர். அதற்கு முந்தைய ஆண்டு, 1672இல், அதே மோலியேர் படித்த பெண்களைக் கேலி செய்து ஒரு நாடகம் எழுதினார். இலக்கணப் பிழையோடு பேசினாள் என்று சமையற்காரியை வேலையை விட்டு நீக்குகிறாள் அதில் வரும் வீட்டுத் தலைவி. அறிவியல் மொழியைச் சிரித்த அதே பேனா, அந்த மொழியைத் தொட்ட பெண்களையும் சிரித்தது.

எனவே எல்லாக் கேலியும் ஒரே பக்கம் நிற்பதில்லை. அதிகாரத்தைச் சிரிப்பது போலத் தோன்றும் ஒன்று, அந்த அதிகாரத்துக்குள் நுழைய முயல்கிறவளையும் சேர்த்தே சிரித்துத் துரத்திவிடலாம். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டாக்டர் பேசுவது புரியவில்லை என்ற கேலியிலிருந்து, டாக்டர் சொல்வதெல்லாம் பொய் என்ற முடிவுக்குப் போக அதிக தூரமில்லை. இன்று கைபேசியில் வந்து விழும் பல செய்திகள் அந்தத் தூரத்தைத்தான் கடக்கச் சொல்கின்றன. ஸ்கேன் எதற்கு, மருந்து எதற்கு, இந்தக் கஷாயம் போதும் என்பவர்களும் மருத்துவர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பார்கள். பிறகு தங்கள் புட்டியை நீட்டுவார்கள். பெரியம்மாவுக்குத் தேவைப்பட்டது மருத்துவம் இல்லாத உலகமல்ல. அவருக்கு உண்மையிலேயே உதிரப்போக்கு அதிகம் இருந்தது, சிகிச்சை தேவைப்பட்டது.

அறிவியலுக்கு நுட்பமான சொற்கள் வேண்டும். ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் பேசும்போது "பைலேட்டரல்" என்பது சுருக்கமும் துல்லியமும் உள்ள சொல். அதே சொல்லை என் பெரியம்மாவிடம் சொல்லும்போது அது எதையும் சொல்வதில்லை. சொல்லியாயிற்று என்ற கணக்கை மட்டும் எழுதிக்கொள்கிறது. குற்றம் சொல்லில் இல்லை, சொன்ன இடத்தில் இருக்கிறது. ஒருவரின் உடம்பைப் பற்றி அவருக்குப் புரியாத மொழியில் பேசிவிட்டு அவரிடமே சம்மதம் வாங்குவது, தூங்குகிறவரின் கட்டைவிரலை மையில் தொட்டு ரேகை வாங்குவதற்குச் சமம்.

இது நான் மிகைப்படுத்திச் சொல்லும் உவமையல்ல. 1995இல் டெல்லியில் 44 வயதான, திருமணமாகாத ஒரு பெண் அதிக உதிரப்போக்குக்காக மருத்துவரிடம் போனார். லேப்ராஸ்கோப்பி என்னும் சோதனைக்குச் சம்மதித்தார். மயக்க மருந்தில் அவர் கிடந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில் வந்த தீர்ப்பு, சோதனைக்குக் கொடுத்த சம்மதம் உறுப்பை நீக்குவதற்கான சம்மதம் ஆகாது என்றது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, முடிவெடுக்கும் தகுதியுள்ள வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாகத் தாய் சம்மதம் கொடுக்க முடியாது என்றது. மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நல்லெண்ணம் இருந்தாலும் சம்மதம் சம்மதம்தான் என்பதே அதன் சாரம். சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், அதிலுள்ள ஆபத்து, வேறு வழிகள் ஆகியவற்றை நோயாளி யோசித்து முடிவெடுக்கும் அளவுக்குச் சொல்ல வேண்டும் என்றும் தீர்ப்பு வரையறுத்தது.

அந்தத் தீர்ப்பை வாசித்தபோது வசந்தசேனை நினைவுக்கு வந்தாள். உடம்பு இங்கே கிடக்கிறது. சுற்றி நின்று தாயும் வைத்தியரும் பேசுகிறார்கள். அவளைக் கேட்க யாருமில்லை. பெரியம்மாவுக்கு மயக்க மருந்தே தேவைப்படவில்லை. விழித்திருந்தபோதே அவருக்குப் புரியாத மொழி அவரை மயக்கத்தில் வைத்திருந்தது.

இதையெல்லாம் மருத்துவர்கள் மேல் மட்டும் ஏற்றிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அறிவியலைத் தமிழில் சொல்ல முடியாது என்பது பழைய பொய். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த வேலையின் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஆனால் உடற்கூற்றியலுக்கு அவர் நூல்களில் வரும் சொல் அங்காதிபாதம். அதைத் தறிக்குடோனில் சொன்னால் அனாட்டமி என்ற சொல்லைப் போலவே விழிப்பார்கள். நான் வகுப்பில் 'கருப்பை அகப்படலம்' என்று எழுதிப் போட்டுவிட்டு, தமிழுக்குச் செய்யும் தொண்டு முடிந்தது என்று கை உதறியிருக்கிறேன். மொழி மாறியது, உயரம் மாறவில்லை.

ஒரு மாணவி, கருத்தரங்கில் "பையி எறங்கிப் போச்சுன்னு எங்கூட்ல சொல்லுவாங்க மேடம்" என்று ஆரம்பித்தபோது மற்றவர்கள் சிரித்தார்கள். கர்ப்பப்பை கீழிறங்குவதைத்தான் அவள் சொன்னாள். எந்தக் கலைச்சொல்லைவிடவும் தெளிவாகச் சொன்னாள். ஆனால் நம் கொங்குத் தமிழைத் திரையில் நகைச்சுவைக்கென்றே ஒதுக்கிப் பழகிவிட்டோம். 'சதி லீலாவதி' 1995இல் வந்த படம். அதில் கமல்ஹாசன் கொங்குத் தமிழ் பேசும் மருத்துவர். நானும் விரும்பிப் பார்த்த படம்தான். கோவை சரளாவும் அவரும் பேசுவது நம் வீட்டுப் பேச்சாகவே இருக்கும். ஆனாலும் ஒரு மருத்துவர் இப்படிப் பேசுகிறாரே என்பதிலும் சேர்ந்துதான் திரையரங்கில் சிரிப்பு எழுந்தது. அறிவு குடியிருக்கிற வாய் வேறு, நம் வாய் வேறு என்று நாமே நம்பியிருக்கிறோம். அன்று வகுப்பில் சிரித்தவர்களை நான் கண்டிக்கவில்லை. அவளைத் திருத்தினேன்: "கருப்பை இறக்கம்னு சொல்லணும்." என்னையும் அந்த இலக்கணப் பாம்பு எப்போதோ கடித்திருக்கிறது.

வசந்தசேனை தன் சொந்த உயிரோடு எழுந்து உட்கார்ந்து சாஸ்திரம் பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? கணிகையும் தேவதாசியும் ஒன்றல்ல. இருந்தாலும் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு முத்துலட்சுமி ரெட்டி நினைவுக்கு வருவார். 1886இல் புதுக்கோட்டையில், தேவதாசிக் குலத்தில் பிறந்த சந்திரம்மாளின் மகளாகப் பிறந்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியே வந்தார். இந்த முறை உள்ளே ஆண் உயிர் எதுவும் இல்லை. ஆனால் பின்னாளில் அவர் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடியபோது, தேவதாசிப் பெண்கள் சிலர் அமைப்பாகத் திரண்டு மறுத்து மனுக் கொடுத்தார்கள். தங்களைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் தங்கள் குரல் எங்கே என்பது அவர்கள் கேள்வி. ஒழிப்பு தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது. அறிவின் மொழியைப் பெண் கைப்பற்றுவது பாதி வேலைதான். கைப்பற்றியவள் மற்ற பெண்களிடம் அதை எப்படிப் பேசுகிறாள் என்பது மீதிப் பாதி.

இப்போது அந்த வாசல் சிரிப்புக்குத் திரும்புகிறேன். அதை நான் பழிக்க மாட்டேன். புரியாததைப் புரிந்ததாகப் பாவித்துத் தலையாட்டுவதைவிட, "எண்டோமெண்டோ" என்று நடித்துக் காட்டுவது நேர்மையானது. இவர் சொன்னது எனக்குச் சேரவில்லை என்பதற்கு அது சாட்சி. அந்த வாசலில் குறைந்தது சிரிப்பல்ல. சிரித்து முடித்தபின் யாராவது ஒருத்தி, "சரி, நெசமாலுமே அவரு என்னதான் சொன்னாரு? நாளைக்குப் போய்க் கேக்கலாமா?" என்று எழுந்திருக்க வேண்டும். அந்த ஒருத்தி நானாக இருந்திருக்க வேண்டும். மருத்துவர் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழிக்கவில்லை என்பது உண்மை. நான் அந்த மாலை முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்பதும் உண்மை.

போன வருடம் பெரியம்மா கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வேறு ஓர் ஆஸ்பத்திரி, வேறு மருத்துவர், இளம்பெண். படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் "ஆஸ்டியோபொரோசிஸ்" என்றார். நான் தலையாட்டினேன். பெரியம்மா குறுக்கிட்டார்.

"அது உங்களுக்குங்க சாமி. எனக்கு என்னன்னு சொல்லுங்க."

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியை நகர்த்திப் பெரியம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஓர் எலும்பு வரைந்தார். உள்ளே தேன்கூடு மாதிரிக் கட்டங்கள். வயதாக ஆக அந்தக் கட்டங்களின் சுவர் மெலிந்துபோகும் என்றார். சினைப்பையில் சுரக்கும் ஹார்மோன் எலும்பைக் காப்பது, சீக்கிரமே அதை எடுத்துவிட்டால் எலும்பு முன்னதாகவே மெலியத் தொடங்கலாம், அப்படிப்பட்டவர்கள் ஆரம்பத்திலிருந்தே கவனமாக இருக்க வேண்டும் என்றார்.

பெரியம்மா படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப இத அன்னைக்கே எனக்குச் சொல்லியிருக்கோணுமல்லங்க?"

மருத்துவர் ஆமாம் என்றார். பெரியம்மா அந்தச் சீட்டை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.